அஞ்சாவது நம்பர்

ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. இனிமேலும் ஆறாது என்று தெரிந்துவிட்டது. அதனால் கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன். யார் மேல் கோபம் என்று கேட்டால், முதலில் என் பெரியப்பா மேல், அடுத்தது என் அப்பா மேல், கடைசியாக நான் எழுதிய ஒரு வரி மேல். அந்த வரியில் ஒரு எண் இருந்தது. நாலு.

சங்கரன்கோவிலில் இராஜபாளையம் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்று இருக்கிறது. அதன் மாடியில் எனக்கு ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு கம்ப்யூட்டர். கீழே வார்னிஷ் வாடையும் சுத்தியல் சத்தமும் நாள் முழுக்க. கடைக்காரர் அண்ணாச்சிக்குக் காயில் கட்டியது போதும் என்று தோன்றிவிட்டது. பம்புசெட் மோட்டாருக்கு சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர் பெட்டி செய்து விற்க ஆரம்பித்தார். போனில் தொட்டால் தோட்டத்தில் மோட்டார் ஓடும். வாசுதேவநல்லூரில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே திருவேங்கடத்து மோட்டாரைப் போடலாம் என்று வருகிறவர்களிடம் எல்லாம் அளப்பார். பொய் இல்லை, போடலாம்தான். போனில் தொட்டது முதலில் எங்கள் சர்வருக்கு வரும். சர்வர் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி மோட்டாரைப் போடும். அந்த சர்வரில் ஓடும் புரோகிராமை எழுதியது நான்.

சென்னையில் ஆறு வருஷம் இதே மாதிரி வேலை பார்த்தேன். அங்கே இருந்து வந்தது என் இஷ்டம். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

ஒரு பெட்டி சர்வரோடு பேச ஆரம்பித்ததும், அந்தப் பெட்டிக்கென்று மெமரியில் இடம் பிடிக்க வேண்டும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். எத்தனை பேருக்கு என்பது துண்டு போடும்போதே தெரிந்திருக்க வேண்டும். இந்த மோட்டாரைப் போட உரிமை உள்ளவர்கள் யார் யார், அவர்கள் நம்பர், பெயர், இதெல்லாம் வரிசையாக. அதை ஒட்டி, கடைசியாக மோட்டாரைப் போட்டது எந்த நம்பர் என்று குறித்துக்கொள்ள ஓர் இடம். அதையும் ஒட்டி, மோட்டார் ஓட வேண்டுமா நிற்க வேண்டுமா என்று ஒரே ஒரு கட்டம். அதில் சுழி, அதாவது பூஜ்யம், இருந்தால் நிற்கணும், வேறு என்ன இருந்தாலும் ஓடணும். இவ்வளவுதான் அந்த அமைப்பு. கைக்குட்டை அகலம்கூட வராது.

நான் எழுதியது சி மொழியில். அது கேள்வி கேட்காத மொழி. நாலு பேருக்கு இடம் பிடித்துவிட்டு ஐந்தாவது ஆளை எழுதச் சொன்னால், இடம் இல்லையே என்று ஒரு வார்த்தை சொல்லாது. பக்கத்தில் இருப்பதன் மேலேயே எழுதிவிட்டுச் சும்மா இருக்கும். எழுதுகிறவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னையில் இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் தெரியுமா? எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்!

ஒரு கிணற்றுக்கு எத்தனை நம்பர் வைக்க என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் வாயில் வெற்றிலையோடு என்னையே திருப்பிக் கேட்டார்.

"ஒங்க கெணறு எத்தன பங்கும்மா?"

"நாலு பங்கு அண்ணாச்சி."

"பெறவு என்ன? நாலே வையி. அதுக்கு மேல எவன் கேக்கப் போறான்?"

நாலு என்று எழுதினேன். ஐந்தாவது வந்தால் தடுக்க வேண்டும் என்ற ஒரு வரியை அப்புறம் எழுதலாம் என்று விட்டேன். ஐந்தாவது என்று ஒன்று என் மனசில் இருந்தால்தானே தடுக்கத் தோன்றும்.

எங்கள் ஊர் திருவேங்கடம் போகிற வழியில். பெரும்பாலும் கரிசல், மானாவாரி. எங்கள் தோட்டம் மட்டும் ஓரமாக ஒரு செம்மண் செவக்காட்டுத் திட்டு. அதில் ஒரு கிணறு. பெரியப்பா, என் அப்பா, சித்தப்பா, தாத்தாவின் அண்ணன் வழியில் ஒரு பங்காளி, ஆக நாலு பங்கு. கிணற்றில் தண்ணீர் ஊறுவது மெதுவாக. அதனால் முறை வைத்து இறைப்பது. ஒரு நாளைக்கு ஒருத்தர், நாலு நாளில் ஒரு சுற்று. இன்றைக்கு யார் முறை என்பது எங்கள் வீட்டில் தேதியைவிட நன்றாகத் தெரியும். "நாலு பங்குக் கெணறு" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் நான். ஊரில் அந்தக் கிணற்றுக்குப் பெயரே அதுதான்.

ஆனால் அந்தத் தண்ணீரில் ஐந்து பேர் விவசாயம் பார்க்கிறார்கள். ஐந்தாவது என் அத்தை, அப்பாவுக்கு நேர் இளையவள். புருஷன் செத்துத் திரும்பி வந்தபோது அவளுக்கு முப்பது வயசு. அப்பா தன் பாகத்தில் அரை ஏக்கர் ஒதுக்கி, "என் முறையில மத்தியானத்துக்கு மேல ஒனக்கு" என்றார். எல்லோர் முன்னாலும்தான் சொன்னார். பெரியப்பா தலையை ஆட்டினார். பத்திரம் கிடையாது, எழுத்து கிடையாது. இருபது வருஷமாக அந்த அரை நாள் தண்ணீரில் பிச்சிப்பூ வைத்துப் பறித்து, விடியக் கூடையோடு பஸ் ஏறி, சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு வருகிறாள். அவள் யாரிடமும் கை நீட்டி நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? அவள் தோட்டத்தில் மடை மாற்றி விளையாடியவள் நான். என்னிடம் எத்தனை பங்கு என்று கேட்டபோது நாலு என்றுதான் வாயில் வந்தது. அதைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பெட்டி எங்கள் கிணற்றுக்கும் வந்தது. பெரியப்பா நம்பர், சித்தப்பா நம்பர், அந்தப் பங்காளி நம்பர் ஏற்றினேன். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் ஆப் போட முடியாது. அதனால் அப்பா பங்குக்கு என் நம்பர். அப்பா முறை வரும் நாளில் காலையில் கூப்பிட்டு "போடு" என்பார். நான் மாடியில் உட்கார்ந்தபடி போடுவேன். மத்தியானம் அத்தை கூப்பிட்டு, "மக்கா, கொஞ்சம் போட்டு விடு" என்பாள். அதற்கும் நான்தான். மோட்டார் ரூமில் கையால் போட்ட காலத்தில் அவளாகவே போட்டுக்கொண்டாள். பெட்டி மாட்டியபோது கை ஸ்விட்சைக் கழற்றிவிட்டார்கள், அதன் பிறகு என்னைக் கேட்டுத்தான் தண்ணீர் என்று ஆகிவிட்டது. அவள் அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் பணம் சேர்த்து ஒரு டச் போன் வாங்கிவிட்டாள்.

அன்றைக்கு பூ மார்க்கெட் முடித்து, வெறும் கூடையோடு மாடி ஏறி வந்தாள். மணி பன்னிரண்டு இருக்கும். நெற்றியெல்லாம் வியர்வை.

"ஏட்டி, இதுல அந்தக் கெரகத்த ஏத்திக் குடு. ஒன்ன தெனம் தொந்தரவு பண்ண எனக்கு வெக்கமா இருக்கு."

"தொந்தரவு என்ன அத்தை..."

"ஏத்துன்னா ஏத்து."

ஆப் போட்டுக் கொடுத்தேன். அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே, அவள் போனிலேயே கிணற்றில் அவள் நம்பரையும் பெயரையும் சேர்த்தேன். "சேர்க்கப்பட்டது" என்று காட்டியது. நாளைக்கு அப்பா முறை, நாளை மத்தியானம் நீயே போட்டுக்கொள், இன்றைக்குத் தொடாதே, பெரியப்பா முறை என்று சொன்னேன். அவள் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் போட்டு, கூடைக்குள் வைத்தாள். "தொட மாட்டேன், பயப்படாத" என்று சிரித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. படி இறங்கிப் போகும்போது கூடையைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டே போனாள்.

அங்கே தோட்டத்தில் பெரியப்பா காலையிலேயே கிணற்றை அடிவரை இறைத்துவிட்டு, பதினோரு மணிக்கு போனிலேயே மோட்டாரை நிறுத்திவிட்டு, ஊறட்டும் என்று சாப்பிடப் போயிருந்தார். பன்னிரண்டரைக்கு கரண்ட் போனது. ஒன்றரைக்கு வந்தது. வந்ததும் பெட்டி உயிர் பெற்று, கரண்ட் வரும்போது மட்டும் வழக்கமாகக் கேட்பதுபோல, நான் ஓடணுமா நிற்கணுமா என்று சர்வரைக் கேட்டது. சர்வர் ஓடு என்றது. கிணற்றில் சேறுதான் கிடந்தது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானாக நிற்கும் வசதி அண்ணாச்சி பெட்டியில் கிடையாது. மோட்டார் வெறும் காற்றை இழுத்து இழுத்துச் சூடாகி, புகைந்து, எரிந்துபோனது. பெரியப்பா கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது மோட்டார் ரூமுக்குள் கரும்புகை.

உடனே தன் போனை எடுத்துப் பார்த்தார். கடைசியாகப் போட்டவர் என்ற இடத்தில் அத்தையின் நம்பர்.

அந்நேரம் அத்தை பஸ்ஸில் இருந்தாள். போன் இரண்டு பைக்குள், கூடைக்குள். ஊர் விலக்கில், கிளை ரோடு பிரியும் இடத்தில், இறங்கினபோதே பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். என்ன ஏது என்று சொல்லாமலே ஆரம்பித்துவிட்டார். நான் அங்கே இல்லை. சித்தி சொல்லித்தான் தெரியும், சித்தி எதையும் குறைத்துச் சொல்கிறவள் இல்லை.

"இருவது வருசமா ஓசித் தண்ணி குடிச்சது பத்தாதுன்னு என் முறையிலயும் கை வச்சுட்டியோ? மூதி! மோட்டார எரிச்சுட்டு ஒண்ணுந் தெரியாதவ மாதிரி வாரா பாரு!"

"நான் பஸ்ஸுல வாரேன் அண்ணே. நான் எப்படிப் போட முடியும்?"

"பஸ்ஸுல இருந்தா போட முடியாதோ? போட முடியும்னு சொல்லித்தான இந்தச் சனியன வித்திருக்கான்!"

அவர் சொன்னது சரிதான். எங்கே இருந்தும் போடலாம் என்பதுதான் எங்கள் வியாபாரமே. அதனால் அவள் எங்கே இருந்தாள் என்பது ஒன்றுக்கும் ஆகாமல் போய்விட்டது. அன்று சாயந்தரமே பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். இனிமேல் அவளுக்குத் தண்ணீர் கிடையாது. மோட்டார் காயில் கட்டி வந்த பிறகும் கிடையாது. அப்பா பக்கத்தில்தான் நின்றார். அவர் முறையில் அவர் கொடுத்த தண்ணீர் அது. ஒரு வார்த்தை பேசவில்லை.

அத்தை எனக்குப் போன் செய்தாள். அழவில்லை.

"நான் தொடல மக்கா. ஒன் மேல சத்தியமா தொடல. என்ன ஏதுன்னு பாத்துச் சொல்லு."

மறுநாள் காலை எட்டு மணிக்கே மாடிக்குப் போய்விட்டேன். எங்கள் கிணற்றுப் பெட்டியின் இடத்தில் மெமரியில் என்ன கிடக்கிறது என்று அப்படியே எடுத்துத் திரையில் விரித்தேன். பார்க்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை. நாலு நம்பர், நாலு பெயர். அதற்குப் பிறகு, கடைசியாகப் போட்டவர் என்ற இடத்தில் அத்தையின் நம்பர் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவள் போட்டதால் அல்ல. அவளை உட்கார வைக்க நான் இடம் பிடிக்காததால், ஐந்தாவதாக வந்தவள் அந்த இடத்தில் விழுந்திருந்தாள். நம்பருக்குப் பின்னால் அவள் பெயர். பெயரின் முதல் எழுத்து, ஓடணுமா நிற்கணுமா என்ற அந்த ஒற்றைக் கட்டத்தில். சுழி இல்லை, அதனால் ஓடு.

குற்றம் செய்தது நான், பெயர் அவளுக்கு. நான் அவளை ஏற்றிய அந்த நொடியிலேயே அவள் குற்றவாளியாகப் பதிவாகிவிட்டாள், என் கண் முன்னால், அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே.

கீழே இறங்கி அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் முதலில் கதவைச் சாத்தினார்.

"இது வேற யாருக்கும் தெரியுமா?"

"இன்னும் இல்ல. இன்னைக்குச் சாயந்தரம் போய்ச் சொல்லுதேன்."

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? பெட்டி தானா மோட்டாரப் போடுதுன்னு வெளிய தெரிஞ்சா, புளியங்குடி வரைக்கும் ஒருத்தன் பாக்கியில்லாம திருப்பிக் கொண்டு வந்து எறிவான். சத்தம் காட்டாம சரி பண்ணு. ஒங்க குடும்பச் சண்ட நாலு நாள்ல தானா அடங்கும்."

"அடங்காது அண்ணாச்சி. அவ பிச்சி காய்ஞ்சுரும்."

"காய்ஞ்சா வேற நடட்டும்!"

நான் அவரிடம் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுத முடியாது. சாத்திய கதவுக்கு வெளியே காயில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டார்கள். மேலே போய், ஒத்திவைத்த அந்த வரியை எழுதினேன். ஐந்தாவது நம்பர் வந்தால் சேர்க்காதே, அனுப்பியவருக்கு ஒரு செய்தி அனுப்பு. செய்தியும் நானே தட்டினேன்: "மன்னிக்கவும். இந்தக் கிணற்றில் இடம் இல்லை." மோட்டார் தானாக ஓடும் ஆபத்து எல்லாப் பெட்டிகளிலும் அந்த நிமிஷமே தீர்ந்தது. தப்பான இடத்தில் விழுந்து கிடந்த அத்தையையும் அழித்தேன். நல்ல புரோகிராமர் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்தேன். அப்போது அதில் ஒரு கோணலும் எனக்குத் தெரியவில்லை.

சாயந்தரம் தோட்டத்துக்குப் போனேன். பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேரும் கழற்றி வைத்த மோட்டாரைச் சுற்றி நின்றார்கள். அத்தை அவள் வரப்பில், தள்ளி. நான் அவளையும் கூப்பிட்டேன். எல்லோர் முன்னாலும் உடைத்துச் சொன்னேன். அத்தை எதையும் தொடவில்லை, நான் இடம் நாலுக்குத்தான் பிடித்திருந்தேன், அஞ்சாவதாக அவளை ஏற்றியதும் புரோகிராம் தாறுமாறாக எழுதிவிட்டது, மோட்டார் எரிந்தது என் தப்பு, திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

பெரியப்பா என்னைத் திட்டவில்லை. அதுதான் ஆச்சரியம். நிதானமாகத் தலைப்பாகையை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார்.

"எத்தனைக்குப் புடிச்ச?"

"நாலுக்கு."

"ஏன் நாலு?"

நான் கீழே கிடந்த மோட்டாரைப் பார்த்தேன்.

"சொல்லு தாயி. நான் சொல்லலையே, ஒங்க அப்பன் சொல்லலையே. நீயாத்தான எழுதுன? மெட்ராஸ்ல போயி வேல பாத்தவ. இந்தக் கெணறு எத்தன பங்குன்னு எவனும் சொல்லாமயே ஒனக்குத் தெரிஞ்சிருக்கு." அப்பா பக்கம் திரும்பினார். "கேட்டியாலே? கம்ப்யூட்டர்லயே நாலுதான். அஞ்சாவதா ஒருத்தி நொழஞ்சா மோட்டாரே எரிஞ்சு போகுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சித்தப்பா சிரித்தார். அவளைக் காப்பாற்ற நான் கொண்டுபோன உண்மையையே பிடுங்கி, அதாலேயே அவளை அடித்துவிட்டார் மனுஷன். "அது அப்படி இல்ல பெரியப்பா, நான் யோசிக்காம எழுதிட்டேன்" என்று கத்தினேன்.

"யோசிக்காம எழுதுனதுதான் நெசம். யோசிச்சா பாவம் புண்ணியம்னு மனசு மாறும்." பிறகு குரலைத் தாழ்த்தி, சிரிக்காமல் சொன்னார்: "நாலுல ஒண்ணு ஒங்க அப்பன் பேரு, அதுல ஒன் நம்பரு இருக்கு. அவனுக்கு ஆம்பளப் புள்ள கெடயாது. அதனால நீயும் ரொம்பப் பேசாத. நாளைக்கு அவன் பங்கு எந்த ஆம்பளைக்குப் போகும்னு ஒனக்குத் தெரியும்."

அப்பா அப்போதும் மண்ணைத்தான் பார்த்தார். என்னைப் பற்றித்தான் பேச்சு. அவர் மகளைப் பற்றி. அதற்கும் வாய் திறக்கவில்லை என்றால் அந்த வாய் எதற்கு?

அத்தை என்னிடம் வந்தாள். தோளில் கை வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ஏன் நாலுன்னு எழுதுன?"

பெரியப்பா கேட்ட அதே கேள்விதான். அவர் கேட்டபோது கோபம் வந்தது. இவள் கேட்டபோது கோபப்பட என்னைத் தவிர ஆள் இல்லை. அவள் பாட்டுக்கு வரப்பில் நடந்து போய்விட்டாள்.

மோட்டார் நாலாம் நாள் காயில் கட்டி வந்தது. அண்ணாச்சி கடையிலேயே கட்டியது. அத்தைக்குத் தண்ணீர் இல்லாமல் இரண்டு முறை தாண்டின; போட்டு விடு என்று அவள் என்னைக் கூப்பிடவும் இல்லை. பிச்சி அரும்பு பழுத்து உதிர ஆரம்பித்தது. சொம்பில் மொண்டு ஊற்றக்கூட பெரியப்பா கிணற்றுப் பக்கம் விடவில்லை. அவள் தெருக் குழாயில் குடம் பிடித்து, அரை மைல் சுமந்து செடிக்கு ஊற்றினாள். அரை ஏக்கருக்குக் குடம் எம்மாத்திரம்.

மூன்றாவது முறைக்கு முந்தின நாள் மாடி ஏறி வந்தாள். கூடை இல்லை. போட பூ இருந்தால்தானே கூடை. போனைப் பையில் இருந்து பிரித்து என் மேசையில் வைத்தாள்.

"திரும்ப ஏத்திப் பாத்தேன். நீ சொல்லிக் குடுத்தபடியேதான் பண்ணுனேன். என்னமோ வந்திருக்கு, படி."

நான் படிக்கவில்லை. எனக்குத் தெரியுமே. அவளும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள்தான். அவளே வாசித்தாள், மெதுவாக. "மன்னிக்கவும். இந்தக் கிணற்றில் இடம் இல்லை."

"இது ஒங்க பெரியப்பன் எழுதுனதா?"

"இல்ல."

"நீயா?"

"நான்தான் அத்தை."

"மன்னிக்கவும்னு வேற போட்டிருக்க."

ஐந்தாகத் திருத்திவிடுகிறேன் என்று அப்போதே கீழே ஓடினேன். அண்ணாச்சி மறித்தார். எத்தனை இடம் வேண்டும் என்று கேட்டு அத்தனைக்கு மட்டும் இடம் பிடிக்கிற மாதிரி மாற்று, நல்லதுதான், ஆனால் எண்ணிக்கையைக் கிணற்றுக்காரர்களில் மூத்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார். "அஞ்சென்ன, அம்பது எழுதிக் குடுக்கட்டும், வையி. நம்ம இஷ்டத்துக்கு ஒருத்தன் கெணத்துல ஆளு சேத்தா நாளைக்கு அருவாளோட வருவான்." அன்றே மாற்றி எழுதினேன். ஒன்பது பங்குக் கிணறு ஒன்றுக்கு ஒன்பது இடம் கிடைத்தது. எங்கள் கிணற்றுத் தாளில் பெரியப்பா எண்ணை எழுத்திலும் எழுதி, அன்று சாயந்தரமே போட்டோ பிடித்து அனுப்பினார். நான்கு மட்டும். அந்த 'மட்டும்' அவராகச் சேர்த்தது. புரோகிராம் அவர் கேட்டபடி நாலுக்கு இடம் பிடித்தது. இந்த முறை ஒரு தப்பும் இல்லை.

அந்த நாலில் என் கை எட்டக்கூடியது ஒன்றுதான். அதை நான் ஏன் முன்னாலேயே பார்க்கவில்லை என்று தெரியவில்லை. அப்பா பங்கில் இருந்த என் நம்பரை எடுத்தேன். அந்த இடத்தில் அத்தை நம்பரைப் போட்டேன். எண்ணிக்கை நாலுதான். பெரியப்பா கையெழுத்துக்கு ஒரு பங்கமும் இல்லை. பங்குக்காரர் நம்பரை மாற்றினால் எல்லா போனுக்கும் தகவல் போகும், அதையும் தடுக்கவில்லை. தெரியட்டும்.

மறுநாள் அப்பா முறை. காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் கூப்பிட்டார்.

"போடு."

"என் கையில இல்லப்பா."

"ஏன், கரண்ட் இருக்கே?"

"ஒங்க பங்குல இப்ப அத்தை நம்பர்தான் இருக்கு. தண்ணி வேணும்னா அவளக் கூப்பிட்டுக் கேளுங்க."

அவர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மோட்டார் எரிந்த அன்றிலிருந்து தங்கச்சியிடம் அவர் பேசியிருக்கவில்லை.

"என்னய அவகிட்ட கெஞ்ச வைக்கியா?"

"கெஞ்ச வேண்டாம். எனக்குச் சொல்லுத மாதிரி போடுன்னு சொல்லுங்க. அன்னைக்கு எல்லாரும் நிக்கும்போது ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னைக்கு இது வேண்டாம்லா."

"வீட்டுப் பக்கம் வந்துராத." வைத்துவிட்டார்.

நான் சர்வர் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு, ஒன்பது, பத்து. எங்கள் கிணறு நின்றே கிடந்தது. வேறு ஊர்க் கிணறுகள் ஓடின, நின்றன. பத்தே முக்காலுக்கு எங்கள் வரி மாறியது. மோட்டார் ஓடுகிறது. கடைசியாகப் போட்டவர்: அத்தையின் நம்பர். இந்தத் தடவை அது பொய் இல்லை. எனக்கு அழுகை வந்தது. கீழே சுத்தியல் சத்தம் இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாலு நாளைக்கு ஒரு தடவை அந்த வரி அப்படித்தான் மாறுகிறது. காலையில் அப்பாவுக்கு, மத்தியானம் அவளுக்கு. அப்பா அவளைக் கூப்பிட்டு என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. என்னோடு அவர் இன்றுவரை பேசவில்லை. நானும் பேசவில்லை. அப்பாவே கூப்பிட்டுப் போடச் சொல்வதால் பெரியப்பாவால் மறிக்க முடியவில்லை; என்னைப் பார்த்தால் ரோட்டில் துப்புகிறார், துப்பட்டும். பிச்சி பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டது.

போன வாரம் அத்தை கூடையோடு மாடிக்கு வந்தாள். அந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான். ஒரு முழம் பிச்சியை மேசையில் வைத்தாள். இனி கோபம் தீர்ந்தது என்று நினைத்து அதை எடுத்துத் தலையில் வைக்கப் போனேன்.

"ஒன் எடத்தக் குடுத்துட்ட, சரி," என்றாள். "இப்ப அதுல நீயும் கெடயாது. எனக்குன்னு ஒரு எடம், ஒனக்குன்னு ஒரு எடம், எப்ப எழுதப் போற?"

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.